அத்தியாயம் 7: காயத்திலிருந்து திரும்பும் இளம் பிட்சரை எப்போது மேலே அனுப்புவது?

முழங்கை அறுவைச் சிகிச்சை முடிந்து திரும்பும் ஓர் இளம் பிட்சர், மைனர் லீகில் மூன்று ஆட்டங்களில் எதிரணி மட்டையாளர்களைத் திணறடித்துவிட்டால் போதும். அவரை எப்போது மேலே அனுப்புவது என்ற பேச்சு அன்றைக்கே தொடங்கிவிடும். பயிற்சியாளர் ஒரு தேதி சொல்வார், மருத்துவக் குழு இன்னொரு தேதி சொல்லும், தலைமை அணியில் ஓர் இடம் காலியாக இருந்தால் மூன்றாவதாக ஒரு தேதி வரும். மூன்று பேரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். உண்மையில் அங்கே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அவர் எந்த நிலையில் ஆட வேண்டும் என்பது ஒன்று. அவர் கை எவ்வளவு வீசலாம் என்பது மற்றொன்று. முதலாவது திறமையைப் பொறுத்தது, இரண்டாவது உடலைப் பொறுத்தது. இரண்டும் ஒரே வேகத்தில் முதிர்வதில்லை. இந்த அத்தியாயம் வலியுறுத்துவது இதைத்தான்: நிலையைத் திறமைக்கு ஏற்ப, தேவையானால் விரைவாகவே, உயர்த்துங்கள், சுமையை மெதுவாக உயர்த்துங்கள், இரண்டையும் ஒரே சமயத்தில் ஒருபோதும் உயர்த்தாதீர்கள்.

முதலில் உடலைப் பார்ப்போம். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் பிட்சர் டாமி ஜானுக்கு 1974 செப்டம்பரில் மருத்துவர் ஃபிராங்க் ஜோப் செய்த சிகிச்சைதான் இன்று அந்த வீரரின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. முழங்கையின் உட்புறத்தில் கிழிந்துபோன தசைநாருக்குப் பதிலாக, பெரும்பாலும் முன்கையிலிருந்து எடுத்த ஒரு தசைநாணை எலும்பில் துளையிட்டுக் கோத்துக் கட்டுவதே அதன் சாரம். தசையை எலும்போடு பிணைப்பதற்காக உருவான அந்தத் திசு, எலும்பை எலும்போடு பிணைக்கும் வேலைக்குப் பழக வேண்டும். புதிய ரத்தக் குழாய்கள் அதற்குள் வளர வேண்டும், அதன் இழைகள் புதிய இழுவிசைக்கு ஏற்ப மாறி அமைய வேண்டும். இது சில வாரங்களில் நடப்பதல்ல. ஓராண்டுக்கு மேலும் நீளும். டாமி ஜானே 1975 சீசன் முழுவதையும் இழந்து, 1976-இல்தான் திரும்பினார். அதன் பிறகு 164 ஆட்டங்களில் வெற்றி பெற்று, 46 வயது வரை வீசினார். மேஜர் லீக் பிட்சர்கள் 179 பேரை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வு ஒன்று, அவர்களில் 83 சதவீதம் பேர் மேஜர் லீகுக்குத் திரும்பியதாகவும், அதற்குச் சராசரியாக 20.5 மாதங்கள் ஆனதாகவும் காட்டியது. அவர்கள் ஏற்கெனவே அந்த நிலையில் ஆடிக்கொண்டிருந்தவர்கள். அவர்களுக்கே இருபது மாதங்கள் ஆனது என்றால், அந்த நிலையை இன்னும் எட்டாத ஓர் இளைஞருக்குப் பன்னிரண்டு அல்லது பதினான்கு மாதங்களை இலக்காக வைப்பது தவறு. பதினான்கு மாதம் என்பது ஆட்டத்தில் மீண்டும் பந்தைத் தொடும் காலம். மேலே போகும் காலம் அதற்குப் பின்னர்தான் வரும்.

அப்படியானால் அந்த மூன்று நல்ல ஆட்டங்கள் எதைச் சொல்கின்றன? நாம் நினைப்பதைவிட மிகக் குறைவாகத்தான். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் அலெக்ஸ் ரேயஸ் 2017 பிப்ரவரியில் இதே சிகிச்சை செய்துகொண்டு, 2018 மே மாதம் மைனர் லீகில் மீட்பு ஆட்டங்களுக்கு வந்தார். நான்கு ஆட்டங்கள், 23 இன்னிங்ஸ், 44 ஸ்ட்ரைக்அவுட், ஒரு ஓட்டமும் கொடுக்கவில்லை. இதைவிட நல்ல எண்களை யாரும் கேட்க முடியாது. மே 30 அன்று மில்வாக்கியில் மேஜர் லீக் ஆட்டத்தைத் தொடங்கினார். நான்கு இன்னிங்ஸிலும் ஓட்டம் கொடுக்கவில்லை, ஆனால் வேகம் குறைந்துகொண்டே வந்தது. முதுகிலிருந்து கைக்கு வரும் பெரிய தசையின் நாண் கிழிந்திருந்தது. மீண்டும் அறுவைச் சிகிச்சை, சீசன் அதோடு முடிந்தது. அவசரம்தான் காரணம் என்று ஒரு வீரரின் கதையை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. இன்னும் இரண்டு மாதம் கழித்து அழைத்திருந்தாலும் அது கிழிந்திருக்கலாம். ஆனால் ஒன்று மட்டும் உறுதியாகத் தெரிகிறது. 44 ஸ்ட்ரைக்அவுட் என்ற எண், அந்தத் தசை எந்த நிலையில் இருந்தது என்பதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. மணிக்கு 97 மைல் வேகத்தில் வரும் பந்தைக் கீழ்நிலை மட்டையாளர்களால் தொட முடியாது. அது மட்டையாளர்களைப் பற்றிய செய்தி. கையைப் பற்றிய செய்திக்கு வேறிடத்தில் தேட வேண்டும்.

நிலையையும் சுமையையும் பிரித்துப் பார்த்தால் என்ன தெரியும் என்பதற்கு இரண்டு வீரர்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். லூகாஸ் ஜியோலிட்டோ 2012-இல் பள்ளியிலிருந்து நேராக வாஷிங்டன் நேஷனல்ஸ் தேர்ந்தெடுத்த பிட்சர். தொழில்முறை ஆட்டத்தில் இரண்டே இன்னிங்ஸ் வீசியபின் சிகிச்சைக்குப் போனார். 2013-இல் 36 2/3 இன்னிங்ஸ், 2014-இல் 98, 2015-இல் 117 என்று சுமை ஏறியது. நிலையும் ஆண்டுக்கு ஒரு படி, ஒன்றரைப் படியாக ஏறி, 2016 ஜூனில்தான் மேஜர் லீகுக்கு வந்தார். வாக்கர் பியூலர் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஆடி, 2015-இல் டாட்ஜர்ஸுக்குத் தேர்வாகி, ஒப்பந்தம் முடிந்த கையோடு ஆகஸ்டில் சிகிச்சை செய்துகொண்டார். 2016-இன் கடைசியில் ஐந்து இன்னிங்ஸ் மட்டுமே வீசினார். 2017-இல் ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என மூன்று நிலைகளையும் ஒரே ஆண்டில் தாண்டி, செப்டம்பர் 7 அன்று மேஜர் லீகில் கால் வைத்தார். அந்த ஆண்டில் அவர் மொத்தமாக வீசியது 98 இன்னிங்ஸ். ஜியோலிட்டோ சிகிச்சைக்குப் பிந்தைய முதல் முழு சீசனில் வீசியதும் அதே 98 தான். அதாவது கைக்கு வந்த சுமை ஏறக்குறைய ஒன்று. நிலை ஏறிய வேகம் முற்றிலும் வேறு. பியூலர் அடுத்த ஆண்டு மேஜர் லீகில் 137 1/3 இன்னிங்ஸ் வீசி, ஒன்பது இன்னிங்ஸுக்கு 2.62 ஓட்டம் என்ற சராசரியோடு முடித்தார். ஜியோலிட்டோ 2018-இல் 6.13 என்று தடுமாறி, 2019-இல்தான் நட்சத்திரமானார். பின்னாளில் இருவருக்குமே முழங்கையில் மறுபடி சிகிச்சை தேவைப்பட்டது: பியூலருக்கு 2022-இல், ஜியோலிட்டோவுக்கு 2024-இல். படிகளை ஒவ்வொன்றாக ஏறியது ஜியோலிட்டோவின் கையைக் காப்பாற்றவில்லை. வேகமாக ஏறியது பியூலரின் கையை உடனே உடைக்கவுமில்லை. 21 வயதில் பல்கலைக்கழக மட்டையாளர்களை வென்று வந்தவருக்குக் கீழ்நிலையில் கற்க ஒன்றும் மிச்சமில்லை. 18 வயதில் வந்தவருக்கு எல்லாமே மிச்சம் இருந்தது. நிலையை முடிவு செய்ய வேண்டியது இந்த வேறுபாடுதான்.

சுமை விஷயத்தில் கவனிக்க வேண்டிய அறிகுறிகளில் முதலிடம் மறுநாள் காலைக்கு. ஆட்டம் முடிந்த அன்று எல்லாக் கையும் நன்றாகத்தான் இருக்கும். அடுத்த நாள் தோள் எவ்வளவு சுழல்கிறது, பிடியின் வலு எவ்வளவு குறைந்திருக்கிறது, வலி தசையில் இருக்கிறதா முழங்கையின் உட்புறத்தில் இருக்கிறதா, இரண்டு ஆட்டங்களுக்கு இடையே மவுண்டில் வீசும் பயிற்சி நாளுக்குள் எல்லாம் பழைய அளவுக்கு வந்துவிட்டதா என்பதை ஒவ்வொரு முறையும் அளந்து எழுதி வையுங்கள். இரண்டாவது, ஆட்டத்துக்குள் வேகம் எப்படி இறங்குகிறது என்பது. முதல் இன்னிங்ஸில் 96 மைல் வீசியவர் ஐந்தாவதில் 95 வீசினால் இயல்பு. 92-க்கு வந்தால், ஓட்டம் கொடுக்காவிட்டாலும், அன்றைக்கு அவருடைய எல்லை நான்கு இன்னிங்ஸ்தான். வேகத்தோடு பந்தை விடும் உயரத்தையும் பார்க்க வேண்டும். களைத்த கை தாழும். தாழ்ந்த கையோடு அதே வேகத்தை வரவழைக்க முயலும்போதுதான் முழங்கைக்கு ஆபத்து. பதின்ம வயதுப் பிட்சர்களிடம் நடந்த ஆய்வு ஒன்றில், கை களைத்த நிலையிலும் அடிக்கடி வீசியவர்களுக்கு அறுவைச் சிகிச்சை வரையிலான காயம் 36 மடங்கு அதிக வாய்ப்போடு தொடர்புபட்டிருந்தது. மூத்த வீரர்களுக்கு அதே மடங்கு பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் மொத்த எண்ணிக்கையைவிடக் களைப்பில் வீசிய பந்துகளையே எண்ண வேண்டும் என்ற பாடம் அதில் இருக்கிறது.

மூன்றாவது, குறி. சிகிச்சைக்குப் பிறகு வேகம் முதலில் திரும்பும். நினைத்த இடத்தில் பந்தைப் போடும் திறன் கடைசியில்தான் திரும்பும். மீட்புப் பயிற்சியில் நேர்பந்தும் சேஞ்சப்பும் முதலில் வரும், ஸ்லைடரும் கர்வ்பாலும் பின்னால் வரும். ஆகவே ஆட்டத்துக்குத் திரும்பிய முதல் மாதங்களில் அவருடைய உடைபந்துகள் பாதி வெந்த நிலையிலேயே இருக்கும். கீழ்நிலையில் நேர்பந்தை மட்டும் வைத்தே அவர் பிழைத்துக்கொள்வார் என்பதால் இந்தக் குறை வெளியே தெரியாது. ஸ்ட்ரைக்அவுட் எண்ணிக்கையை ஒதுக்கிவிட்டு, பின்தங்கிய கணக்கில், அதாவது பால் இரண்டும் ஸ்ட்ரைக் ஒன்றுமில்லாத நேரத்தில், நேர்பந்து அல்லாத ஒன்றைத் துணிந்து வீசி ஸ்ட்ரைக் எடுக்கிறாரா என்று பாருங்கள். எடுக்கிறார் என்றால் அந்த நிலை அவருக்குப் போதாது. மேலே அனுப்புங்கள், தாமதிக்க வேண்டாம்.

அப்படி அனுப்பும்போது பலரும் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. 2021 முதல் மைனர் லீக் அட்டவணை பெரும்பாலும் செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே எதிரணியோடு ஆறு ஆட்டங்கள், திங்களன்று ஓய்வு என்று அமைந்துவிட்டது. அதனால் பல அமைப்புகளில் ஆறு பிட்சர்கள் முறைவைத்து, ஆளுக்கு வாரம் ஒரு முறை தொடங்குகிறார்கள். மேஜர் லீகில் ஐந்து பேர் முறை இன்னும் வழக்கில் இருக்கிறது. ஆகவே டிரிபிள்-ஏயிலிருந்து மேலே போகும் இளைஞருக்கு, ஓர் இன்னிங்ஸ் கூடக் கூட்டாவிட்டாலும், ஓய்வு நாள் குறைந்து சுமை ஏறிவிடுகிறது. அங்குள்ள மட்டையாளர்கள் நல்ல பந்துகளைத் தட்டிவிட்டுத் தட்டிவிட்டு ஒவ்வோர் இன்னிங்ஸையும் நீட்டுவார்கள். கீழே 13 பந்தில் முடிந்தது மேலே 20 பந்து பிடிக்கும். ஒவ்வொரு பந்தையும் முழு வலுவோடு வீச வேண்டிய கட்டாயமும் சேர்ந்துகொள்ளும். நிலையை உயர்த்தும் வாரத்தில் சுமையை அப்படியே வைத்தால் போதாது, சற்று இறக்கவும் வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். கீழே 85 பந்து வீசிக்கொண்டிருந்தவருக்கு மேலே முதல் மூன்று ஆட்டங்களில் 70 பந்து போதும். அதற்கேற்ப அவருக்குப் பின்னால் இரண்டு, மூன்று இன்னிங்ஸ் வீசக்கூடிய ஒருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைக்க வேண்டும்.

நடைமுறைக்கு ஒரு கால அட்டவணையைக் கற்பனை செய்வோம். ஜூன் மாதம் சிகிச்சை பெற்ற 20 வயது வீரர், எல்லாம் சரியாக நடந்தால், ஆண்டு முடிவதற்குள் சமதரையில் 45 அடி தூரத்துக்குப் பந்தெறியத் தொடங்குவார். தூரம் படிப்படியாகக் கூடி, அடுத்த வசந்தத்தில் மவுண்டில் ஏறுவார். கோடையில் மட்டையாளர்களை எதிர்கொள்வார். ஜூலை, ஆகஸ்டில் ஆட்டத்துக்கு வருவார். அந்த முதல் பாதிச் சீசனில் 25 முதல் 35 இன்னிங்ஸ், பழகிய நிலையிலேயே அல்லது அதற்கும் கீழே, போதும். அப்போது அவரை எங்கும் உயர்த்த வேண்டாம். அவர் கற்க வேண்டியது மட்டையாளர்களைப் பற்றியல்ல, தன் புதிய முழங்கையைப் பற்றி. அடுத்த சீசனில் 90 முதல் 110 இன்னிங்ஸ் வரை வைத்துக்கொண்டு, நிலையை ஒருமுறையோ இருமுறையோ தாராளமாக உயர்த்தலாம். மேஜர் லீக் கதவு திறப்பதானால் அந்த சீசனின் இறுதியிலோ அதற்கடுத்த ஆண்டின் தொடக்கத்திலோ திறக்கட்டும். வீரர் ஏற்கெனவே தலைமை அணியின் காயப் பட்டியலில் இருந்தால் விதி குறுக்கே வரும்: பிட்சருக்கு மைனர் லீக் மீட்பு ஆட்டக் காலம் 30 நாள் (டாமி ஜான் சிகிச்சைக்கு அதை நீட்டிக்க இடமுண்டு). அந்தக் கெடு முடிந்ததும் அவரைத் தலைமை அணியில் ஆட வைத்தே ஆக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் கீழே அனுப்பும் உரிமை ஆண்டு மிச்சமிருக்கும் இளம் வீரரைப் பட்டியலிலிருந்து எடுத்து, டிரிபிள்-ஏயிலேயே தொடர வைக்கலாம். காலண்டர் கெடுவை மருத்துவக் கெடுவாக மாற்றிவிடக் கூடாது.

இதற்கு எதிராக வலுவாக வைக்கப்படும் வாதம் ஒன்று உண்டு. எந்தக் கைக்கும் வீச்சுகள் அளவானவை. எப்படியும் ஒருநாள் உடையப் போகும் கையை மைனர் லீகில் ஏன் செலவழிக்க வேண்டும், அந்த வீச்சுகள் தலைமை அணிக்கே கிடைக்கட்டுமே என்பது அது. மேஜர் லீகின் சராசரி நேர்பந்து வேகம் 2008-இல் 91.3 மைலாக இருந்து 2024-இல் 94.2 ஆகிவிட்டது, காயங்களும் கூடவே ஏறின. ஆகவே இந்த வாதத்தில் பாதி உண்மை. கீழ்நிலையில் எதையும் கற்காமல் வீசப்படும் பந்து வீண் என்பதை நானும் ஏற்கிறேன். அதனால்தான் நிலையை விரைந்து உயர்த்தச் சொல்கிறேன். ஆனால் சிகிச்சைக்குப் பிந்தைய முதல் ஐம்பது, அறுபது இன்னிங்ஸ் வீண் அல்ல. திசு பழகுவதும், களைப்பை வீரர் தானே இனம் காண்பதும், உடைபந்து திரும்புவதும் அந்த இன்னிங்ஸில்தான் நடக்கின்றன. ஓட்டம் கொடுத்தாலும் கவலையில்லாத இடத்தில் அது நடக்க வேண்டும்.

இன்னொரு மறுப்பு, சுமைக் கட்டுப்பாடே பயனற்றது என்பது. ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க்கின் பெயரை உடனே சொல்வார்கள். 2010 செப்டம்பரில் சிகிச்சை, 2011 செப்டம்பரில் மறுவருகை. 2012-இல் 159 1/3 இன்னிங்ஸோடு செப்டம்பர் தொடக்கத்தில் நேஷனல்ஸ் அவரை நிறுத்திவிட்டது. அவர் இல்லாமல் ஆடிய அணி முதல் சுற்றிலேயே கார்டினல்ஸிடம் 3-2 எனத் தோற்றது. பின்னர் 2014-இல் 215 இன்னிங்ஸ் வீசினார், 2019 உலகத் தொடரின் சிறந்த வீரரானார், அதற்குப் பிறகு நரம்பு நெருக்கத்தால் எட்டே ஆட்டங்களோடு முடிந்துபோனார். இந்த வாழ்க்கையை இரு தரப்பும் தங்களுக்குச் சாட்சியாக அழைக்கலாம். என் குறை கட்டுப்பாட்டின் மீதல்ல, அது போடப்பட்ட விதத்தின் மீது. அணி வெல்லும் வாய்ப்புள்ள ஆண்டு என்று தெரிந்தால், அவரை மே மாதத்தில் தொடங்க வைக்கலாம், அல்லது கோடையில் ஆட்டங்களைச் சுருக்கலாம். அக்டோபரில் கதவைச் சாத்த வேண்டியதில்லை. சிகாகோ ஒயிட் சாக்ஸ் 2024-இல் காரெட் குரோஷேவை அப்படித்தான் கையாண்டது. சிகிச்சையிலிருந்து திரும்பி முந்தைய ஆண்டு மேஜர் லீகில் 12 2/3 இன்னிங்ஸ் மட்டுமே வீசியிருந்த அவர் முழுநேரத் தொடக்கப் பிட்சரானார். ஜூலையிலிருந்து ஆட்டத்துக்கு நான்கு இன்னிங்ஸுக்கு மேல் கொடுக்கவில்லை. 32 ஆட்டங்கள், 146 இன்னிங்ஸ். அடுத்த ஆண்டு பாஸ்டனில் 205 1/3 இன்னிங்ஸ் வீசினார். முறைநாளைத் தவறவிடாமல் நீளத்தை மட்டும் குறைத்த இந்த வழி, ஒரு மொத்த எண்ணை எட்டியதும் நிறுத்திவிடும் வழியைவிட மேலானது. ஆண்டுக்கு 30 இன்னிங்ஸுக்கு மேல் கூட்டினால் இளம் பிட்சர் அடுத்த ஆண்டு உடைவார் என்று பத்திரிகையாளர் டாம் வெர்டூச்சி பிரபலமாக்கிய விதிக்கு, பின்னர் எண்களைச் சோதித்தவர்கள் ஆதாரம் காணவில்லை. ஆகவே எண்ணை எல்லையாக அல்ல, எச்சரிக்கையாக மட்டும் கொள்ளுங்கள்.

மேலே போனபின் திட்டத்தைக் காப்பது கீழே காப்பதைவிடக் கடினம். நியூயார்க் மெட்ஸ் அணியின் மாட் ஹார்வி 2013 அக்டோபரில் சிகிச்சை பெற்று 2014 முழுவதும் ஆடாமல் இருந்தார். அது பாராட்டத்தக்க பொறுமை. 2015-இல் மெட்ஸ் வென்றுகொண்டே போனதும், 180 இன்னிங்ஸ் எல்லை பற்றிய பேச்சு பொதுவெளியில் சண்டையாகி, கடைசியில் பிந்தைய சுற்றுகளையும் சேர்த்து 216 இன்னிங்ஸ் வீசினார். அடுத்த ஜூலையில் தோள் பகுதி நரம்பு நெருக்கத்துக்கு அறுவைச் சிகிச்சை. பழைய ஹார்வி திரும்பவே இல்லை. காரணம் அந்த இன்னிங்ஸ்தான் என்று நிரூபிக்க முடியாது. ஆனால் வெற்றி நெருங்கும்போது வீரரே பந்தைக் கொடுக்க மறுப்பார், ரசிகர்கள் அவர் பக்கம் நிற்பார்கள், பயிற்சியாளரும் மனிதர்தான் என்பதை அது காட்டுகிறது. இதே காரணத்தால், இளைஞரை ரிலீவராக மேலே அழைத்து ‘ஓர் இன்னிங்ஸ்தானே’ என்று சொல்வதையும் நான் எளிதில் ஏற்கமாட்டேன். ரிலீவர் எந்த நாள் வீசுவார் என்பது தெரியாது. வீசாத நாளிலும் இருமுறை எழுந்து கையைச் சூடேற்றியிருப்பார், அது எந்தக் கணக்கிலும் ஏறாது. அப்படித்தான் அழைக்க வேண்டும் என்றால் நாள் குறித்து, இரண்டு இன்னிங்ஸாக, அடுத்தடுத்த நாட்களில் கிடையாது என்ற உறுதியோடு அழையுங்கள்.

பணம் பற்றிய ஐயமும் நியாயமானது. மேஜர் லீகில் 172 நாள் ஓராண்டுச் சேவையாகக் கணக்காகிறது. சில வாரம் தாமதித்தால் அணிக்கு அந்த வீரர் மீது இன்னோர் ஆண்டு உரிமை கிடைத்துவிடும். ‘கையைக் காக்கிறோம்’ என்பது கூலியைத் தள்ளிப்போடும் போர்வையாக மாறுவது கொடுமை. லீகுக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான 2022 ஒப்பந்தம் இதைக் கொஞ்சம் திருத்தியது: 2024 மே மாதம் மேலே வந்த பிட்சர் பால் ஸ்கீன்ஸ், ஆண்டின் சிறந்த புதுமுகமானதால் முழு ஆண்டுச் சேவையைப் பெற்றார். ஆனால் காயத்திலிருந்து வரும் சாதாரண இளைஞருக்கு அந்தப் பாதுகாப்பு எட்டாது. அவருக்குள்ள ஒரே பாதுகாப்பு, அளவுகோல்கள் முன்கூட்டியே எழுத்தில் இருப்பது. மறுநாள் மீட்சி இந்த அளவு, ஐந்தாவது இன்னிங்ஸ் வேகம் இந்த அளவு, உடைபந்து ஸ்ட்ரைக் இந்த அளவு. இவை நிறைவேறினால் உயர்வு உண்டு, தேதி எதுவானாலும். எழுதாத அளவுகோல் அணியின் வசதிக்கேற்ப நகரும்.

இதெல்லாம் முழங்கைக்கு. தோள்பட்டைக் காயம், குறிப்பாக லேப்ரம் கிழிவு, இதே அட்டவணையில் அடங்காது; அங்கே திரும்பி வருவதே குறைந்த உறுதியுடையது, வேகம் நிலைத்திருப்பதைப் பார்க்காமல் நிலையைத் தொடக் கூடாது. இரண்டாம் முறை முழங்கைச் சிகிச்சை பெற்றவருக்கும் காலத்தை நீட்டியே போடுங்கள்.

சீசன் தொடங்கும் முன் மருத்துவர், மீட்புப் பயிற்சியாளர், பிட்சிங் பயிற்சியாளர், நிர்வாகி நால்வரும் உட்கார்ந்து, நிலைக்கு ஒரு தாளும் சுமைக்கு ஒரு தாளும் தனித்தனியாக எழுதுங்கள். ஒன்றை உயர்த்தும் வாரத்தில் மற்றதை உயர்த்துவதில்லை என்று ஒப்புக்கொண்டு நால்வரும் கையெழுத்திடுங்கள். இரண்டு தாள்களின் பிரதியையும் அந்த இளைஞரிடம் கொடுத்து, ஒவ்வொரு வரியும் ஏன் அப்படி இருக்கிறது என்று அவருக்குப் புரியும்வரை விளக்குங்கள்.